அம்மாவுக்கு வந்தது, அப்பாவுக்கு வரவில்லை: கொப்புளிப்பானும் அக்கியும்

தம்பி, நீங்கள் எழுதியது கொஞ்சம் நீளம், மற்றவர்களுக்கும் விளங்கட்டும் என்று முதலில் சுருக்கிவிடுகிறேன். நீங்கள் ரொறன்ரோவில். அம்மாவுக்கு 71, அப்பாவுக்கு 75, இருவரும் யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் வீட்டில் தனிய. பக்கத்து வீட்டுப் பொடியனுக்குக் கொப்புளிப்பான் (சிக்கன் பொக்ஸ்). அவன் வேலிப் பொட்டுக்குள்ளால் தினமும் வந்து உங்கள் அம்மாவுக்குப் பக்கத்தில் குந்தியிருந்து ரீவி பார்க்கிறவன். அம்மா "எனக்குச் சின்னனிலேயே வந்திட்டுது, இனி வராது" என்கிறார். அப்பா "எனக்கு ஒருநாளும் வரேல்லை, இனியா வரப்போகுது" என்று பெருமையடிக்கிறார். அம்மாவுக்குப் பதினைந்து வருடமாக நீரிழிவு, வயதானவர்களுக்கு அக்கி (ஷிங்கிள்ஸ்) வரும் என்று எங்கோ வாசித்திருக்கிறீர்கள், அதனால் அந்தப் பிள்ளையிடமிருந்து அம்மாவுக்கு அக்கி தொற்றுமா, ஊசி போடலாமா, எந்த ஊசி என்று கேட்கிறீர்கள்.

உங்கள் பயம் ஆள் மாறிப் போயிருக்கிறது. இந்தக் கிழமை பார்க்கவேண்டியது அப்பாவை. அம்மாவுக்கும் ஒரு பயம் இருக்கிறதுதான், ஆனால் அதற்கும் அந்தப் பொடியனுக்கும் ஒரு தொடர்பும் இல்லை.

நான் முப்பது வருடத்துக்கு மேல் தாதியாக வேலை செய்து ஓய்வு பெற்றவள், அதில் கனகாலம் மெடிக்கல் வார்ட்டில். டொக்டர் இல்லை. ஆனால் இந்த இரண்டு வருத்தத்தையும் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன், ஒன்றை என் உடம்பிலேயும் பார்த்துவிட்டேன். அதைப் பிறகு சொல்கிறேன்.

முதலில் பெயர்க் குழப்பத்தைத் தீர்க்கவேண்டும், ஏனென்றால் அம்மா "வந்திட்டுது" என்று சொல்வது எது என்பதிலேயே எல்லாம் தங்கியிருக்கிறது. எங்கள் ஊரில் "அம்மாள்" என்ற ஒரு சொல்லுக்குள் எல்லாமே அடங்கும். கொப்புளிப்பானும் அம்மாள்தான், சின்னமுத்தும் (மீசில்ஸ்) அம்மாள்தான், அந்தக் காலத்துப் பெரியம்மையும் அம்மாள்தான். வேப்பிலை கட்டி, மச்சம் நிறுத்தி, தண்ணி வார்த்து முடித்தால் அம்மாள் போய்விட்டா, எந்த அம்மாள் என்று ஒருவரும் எழுதிவைக்கவில்லை. ஆனபடியால் அம்மாவிடம் "அம்மாள் வந்ததா" என்று கேட்காமல், "தண்ணி நிறைஞ்ச கொப்புளம் வந்து, கடிச்சு, பொருக்குக் கட்டினதா, இல்லாட்டி காய்ச்சலோட கண் சிவந்து, மூக்கால ஓடி, உடம்பு முழுக்கச் சிவப்பாய்ப் பூத்ததா" என்று கேளுங்கள். முதலாவது கொப்புளிப்பான், இரண்டாவது சின்னமுத்து. நெற்றியிலோ முதுகிலோ சின்னக் குழிபோல ஒரு தழும்பு கிடந்தால் அதுவும் ஒரு சாட்சி. கொப்புளிப்பான் சொறிந்த இடத்தில் அப்படி ஒன்றிரண்டை விட்டுத்தான் போகும்.

சரி, அம்மாவுக்கு வந்தது கொப்புளிப்பான்தான் என்று வைப்போம்.

கொப்புளிப்பானும் அக்கியும் இரண்டு கிருமி இல்லை, ஒரே கிருமி. வரிசெல்லா சொஸ்டர் வைரசு என்று பெயர். முதல் தடவை உடம்புக்குள் வரும்போது கொப்புளிப்பானாக வரும். கொப்புளம் காய்ந்து தண்ணி வார்த்த பிறகு அது வெளியே போய்விட்டது என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம், ஆனால் அது போவதில்லை. தோலிலிருந்து நரம்பு வழியாகவும் இரத்தம் வழியாகவும் போய், முள்ளந்தண்டின் இரண்டு பக்கமும் இருக்கிற நரம்பு முடிச்சுகளிலும், முகத்துக்குப் போகிற நரம்புகளின் முடிச்சுகளிலும் ஒதுங்கிப் படுத்துவிடும். ஐம்பது அறுபது வருடம் சத்தம் போடாமல் கிடக்கும். பிறகு என்றோ ஒருநாள் ஒரு முடிச்சிலிருந்து எழும்பி, அந்த ஒரு நரம்பு போகிற பாதை வழியே தோலுக்கு வரும். அதுதான் அக்கி. உடம்பின் ஒரு பக்கம் மட்டும், பட்டி கட்டினதுபோல வருவதற்குக் காரணம் அதுவே. முள்ளந்தண்டில் இருந்து கிளம்புகிற ஒவ்வொரு நரம்பும் ஒரு பக்கத்துக்குத்தான் சொந்தம், நடுக்கோட்டைத் தாண்டாது.

ஆகவே அக்கி வெளியில் இருந்து தொற்றுகிற வருத்தம் இல்லை. பக்கத்து வீட்டுப் பிள்ளை அம்மாவுக்கு அக்கியைக் கொடுக்க முடியாது. அம்மாவுக்கு அக்கி வருமென்றால், அவர் சின்னனில் வாங்கி வைத்த வைரசுதான் வரும்.

இப்போது நிர்ப்பீடனம், அதாவது நோயை எதிர்க்கிற சக்தி, என்ற சொல்லுக்கு வருவோம். நாங்கள் அதை ஒரு சாமான்போல நினைக்கிறோம், இருந்தால் இருக்கு, இல்லாவிட்டால் இல்லை. இந்த வைரசு விசயத்தில் அது இரண்டு வேலையாகப் பிரிந்து நிற்கிறது. ஒன்று, வெளியில் இருந்து வருகிற வைரசை மறிக்கிற வேலை. இரத்தத்தில் ஓடுகிற பிறபொருளெதிரிகளுக்கு (அன்ரிபொடி) அதில் பெரிய பங்கு, அவை ஒருதரம் உண்டானால் பெரும்பாலும் ஆயுளுக்கும் இருக்கும், எண்பது வயதிலும் இரத்தத்தைச் சோதித்தால் தெரியும். இரண்டாவது கொப்புளிப்பான் அபூர்வமாக இருப்பது அதனால்தான். மற்றது, உள்ளே படுத்திருக்கிறதை எழும்பவிடாமல் காவல் இருக்கிற வேலை. அதைச் செய்வது பிறபொருளெதிரி இல்லை, ரி-கலங்கள் என்று சொல்கிற வெள்ளைக் கலங்கள். இந்தக் காவல்தான் வயது போகப் போகத் தளர்கிறது. ஐம்பதைத் தாண்டினால் தெரியத் தொடங்கும், எழுபதில் இன்னும் கூட. வாசல் கதவு இரும்பாய் இருக்கும், உள்ளுக்குள் காவல்காரன் கிழவனாகி நித்திரை தூங்குவான், அந்த மாதிரி.

ஆகவே "எனக்கு வந்திட்டுது, இனி வராது" என்று அம்மா சொல்வது கொப்புளிப்பானுக்குச் சரி, அக்கிக்கு நேர்மாறு. வந்தபடியால்தான் அக்கி வரலாம். கொப்புளிப்பானும் வராமல், அதற்கான ஊசியும் போடாமல் இருக்கிறவருக்கு அக்கி வரவே வராது, எழும்ப ஒன்றும் உள்ளே இல்லையே.

எத்தனை பேருக்கு வருகிறது என்று பார்த்தால், அமெரிக்கக் கணக்கில் மூன்று பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒருதரம். இங்கிலாந்தில் ஹோப்-சிம்சன் என்று ஒரு குடும்ப வைத்தியர் இருந்தார், பெரிய ஆய்வுகூடம் ஒன்றும் இல்லாமல், சிரென்செஸ்ரர் என்ற சின்னப் பட்டணத்தில் தன்னிடம் வந்த அக்கி நோயாளர்களைப் பதினாறு வருடம் குறித்துவைத்து 1965இல் ஒரு கட்டுரை எழுதினார். 85 வயது வரை வாழ்கிறவர்களில் அரைவாசிப் பேருக்கு அக்கி வந்திருக்கும் என்று அவர் கணக்கிட்டது இன்றும் கிட்டத்தட்டச் சரியாகவே நிற்கிறது. கொப்பித் தாளில் குறித்த ஆளை நினைத்தால் எனக்கு ஒரு சந்தோசம்.

அதே மனிசன் இன்னொன்றும் சொன்னார், அது உங்கள் கேள்வியோடு நேரே தொடுகிறது. வளர்ந்தவர்கள் கொப்புளிப்பான் வந்த பிள்ளைகளோடு இடைக்கிடை பழகினால், அந்த உள்ளுக் காவல்காரனை யாரோ தட்டி எழுப்பினது போல, அக்கி வருவது தள்ளிப்போகும் என்று. 2020இல் பிரிட்டனில் பெரிய தரவுகளை வைத்துப் பார்த்தார்கள். வீட்டில் கொப்புளிப்பான் வந்த பிள்ளையோடு இருந்தவர்களுக்கு, அடுத்த இரண்டு வருடத்தில் அக்கி 33 வீதம் குறைவு, பத்து முதல் இருபது வருடம் கழித்தும் 27 வீதம் குறைவு. ஆகவே அம்மாவுக்கு அந்தப் பொடியனால் கெடுதல் வராது என்பது மட்டுமில்லை, சின்ன ஒரு நன்மையும் இருக்கலாம். இதைக் கேட்டுவிட்டு அம்மா வேண்டுமென்றே அவனைக் கூப்பிட்டு மடியில் வைத்திருக்கத் தேவையில்லை. 33 வீதம் என்றால் மிச்சம் 67 வீதம் அப்படியே கிடக்கிறது.

இனி அப்பா. எங்கள் பக்கத்தில் எழுபது எழுபத்தைந்து வயதில் "எனக்கு வரவே இல்லை" என்று ஒருவர் சொன்னால் நான் சிரித்துவிட்டுப் போகமாட்டேன். குளிர் நாடுகளில் பத்து வயதுக்குள் அநேகமாக எல்லாப் பிள்ளைகளுக்கும் கொப்புளிப்பான் வந்து முடிந்துவிடும் (ஊசி வருவதற்கு முன் காலத்தைச் சொல்கிறேன்). எங்களைப்போல வெப்ப நாடுகளில் அப்படி இல்லை, கனபேர் வளர்ந்த பிறகும் வராமலே இருப்பார்கள். வைரசு வெப்பத்தில் கெதியாகச் செத்துவிடுவது ஒரு விளக்கம், கிராமங்களில் ஆட்கள் தள்ளித்தள்ளி இருந்தது இன்னொன்று. வேலியும் வளவுமாக எங்கள் பழைய வீடுகள் இருந்த இருப்பை நினைத்தால் இரண்டாவதையும் நான் நம்புவேன். 1995இல் சண்டையால் இடம்பெயர்ந்து தென்மராட்சியில் ஒரே மண்டபத்தில் பாய்க்குப் பாய் முட்டப் படுத்தபோது, நாற்பது வயது மாமாவுக்கும் அவருடைய மூன்று பிள்ளைகளுக்கும் ஒன்றாகக் கொப்புளிப்பான் வந்ததை நான் பார்த்தேன், அதுவரை ஊரில் அந்த ஆளுக்கு ஒன்றுமே வந்ததில்லை. வெளிநாடு போன பொடியன்கள் போன வருடமே வேலையிடத்தில் கொப்புளிப்பான் வாங்கிப் படுத்த கதை உங்களுக்கே இரண்டு மூன்று தெரிந்திருக்கும்.

ஒரு கவனம். "1980க்கு முன் பிறந்தவர்களுக்கு வந்திருக்கும் என்று எடுத்துக்கொள்ளலாம்" என்று ஆங்கிலத்தில் வாசித்துவிட்டு அப்பாவுக்குப் பொருத்தாதீர்கள். அது அமெரிக்காவில் பிறந்தவர்களுக்கு அவர்கள் வைத்த விதி. கோண்டாவிலில் பிறந்தவருக்கு இல்லை.

பிள்ளைக்கு வந்தால் ஒரு கிழமைக் கடியும் சொறியும், பள்ளிக்கூட லீவும். வயது போனவருக்கு முதல்முதலாக வந்தால் அது வேறு வருத்தம். காய்ச்சல் கூட, கொப்புளம் கூட, நுரையீரலுக்குள் இறங்கி நியூமோனியாவாகலாம், புகைக்கிறவர்களுக்கு அது இன்னும் மோசம். அப்பா சுருட்டுப் பிடிக்கிறவரா என்று நீங்கள் எழுதவில்லை. வார்ட்டில் கொப்புளிப்பானோடு மூச்சு வாங்கிக்கொண்டு வந்தவர்களில் எனக்கு நினைவு நிற்கிறவர்கள் ஒருவரும் பிள்ளைகள் இல்லை.

ஆகவே இப்போது செய்யக்கூடியது: அப்பா கடைசியாக அந்தப் பொடியனோடு ஒரே அறையில் எப்போது இருந்தார் என்று நாளைக் குறியுங்கள். பொடியனுக்குக் கொப்புளம் வருவதற்கு இரண்டு நாள் முதலே அது தொற்றும், எல்லாக் கொப்புளமும் பொருக்குக் கட்டும் வரை தொற்றும். அப்பாவுக்கு வருவதென்றால் பத்து நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் வரும். பிறபொருளெதிரி இருக்கிறதா என்று பார்க்க ஒரு இரத்தப் பரிசோதனை இருக்கிறது, வரிசெல்லா ஐஜிஜி என்று கேட்டால் தனியார் ஆய்வுகூடத்தில் தெரியும். இருந்தால் கதை முடிந்தது, அப்பாவுக்கும் தெரியாமல் சின்ன வயதில் லேசாக வந்து போயிருக்கிறது, நிம்மதியாக இருக்கலாம் (அப்படி முடிவு வருகிறவர்களும் கனபேர்). இல்லை என்று வந்தால் கொப்புளிப்பான் ஊசி, தொட்டு மூன்று நாளுக்குள் போட்டால் நல்லது, ஐந்து நாள் வரைக்கும் பயன் இருக்கலாம். பிந்தினாலும் அடுத்த தடவைக்கு உதவும். இரண்டு ஊசி, நடுவில் குறைந்தது நான்கு கிழமை. இலங்கையின் தேசியத் தடுப்பூசி அட்டவணையில் அது இல்லாதபடியால் காசு கொடுத்துத்தான் போடவேண்டும். உயிருள்ள, வலுக்குறைத்த வைரசில் செய்த ஊசி என்பதால் புற்றுநோய் மருந்து எடுக்கிறவருக்கும், கூடுதலான ஸ்ரெரொயிட் குடிக்கிறவருக்கும் போடக்கூடாது. இதை அப்பாவின் மருந்துக் கொப்பியைப் பார்த்து அவருடைய டொக்டர் தீர்மானிக்கட்டும்.

அந்த இருபத்தொரு நாளுக்குள் காய்ச்சலோடு ஒரு கொப்புளம் கண்டாலும் "அம்மாள் தானாய் இறங்குவா" என்று காத்திருக்க வேண்டாம். இந்த வைரசுக்கான அசைக்ளோவிர் குளிசையை முதல் 24 மணித்தியாலத்துக்குள் தொடங்கினால்தான் வயது வந்தவருக்குப் பலன். காய்ச்சலுக்குப் பனடோல் மட்டும், அஸ்பிரின், ஐபுப்ரொபென் வேண்டாம். இதய வருத்தத்துக்கு ஏற்கனவே அஸ்பிரின் குடிக்கிறவர் என்றால் அதைத் தானாக நிறுத்தாமல் கேட்கவேண்டும். மூச்சு வாங்கினால், இருமினால், ஆள் மயங்கிச் சோர்ந்தால் அன்றைக்கே ஆசுப்பத்திரி. பொடியனோடு பழகின நாளிலிருந்து எண்ணி எட்டாம் நாள் தொடக்கம் இருபத்தோராம் நாள் வரை பிள்ளைத்தாச்சிகளும் கைக்குழந்தைகளும் இருக்கிற வீட்டுக்கு அப்பா போகாமல் இருப்பது மரியாதை. கோயில் திருவிழா நாளென்றால் சொல்லிப் பிரயோசனம் இல்லை என்றும் எனக்குத் தெரியும்.

வேப்பிலை கட்டுவதையோ மச்சம் நிறுத்துவதையோ நான் குறை சொல்லமாட்டேன். என் அம்மம்மா பங்குனித் திங்களுக்கு மட்டுவில் பன்றித்தலைச்சி அம்மனுக்குப் பொங்காமல் விட்டதில்லை, நானும் போயிருக்கிறேன். ஆளைத் தனியே படுக்கவைத்து, வாசலில் வேப்பிலை செருகி, வெளியாள் வராதே என்று சொன்னது அந்தக் காலத்து நல்ல தனிமைப்படுத்தல்தான். குளிக்கவிடாமல் ஏழெட்டு நாள் ஊத்தையோடு கிடத்துவதுதான் பிழை. சொறிந்த கொப்புளத்தில் அழுக்குப் பட்டுச் சீழ் பிடிக்கும். இளஞ்சூட்டுத் தண்ணீரில் மெதுவாக மேல் கழுவலாம், நகத்தை ஒட்ட வெட்டவேண்டும்.

இனி அம்மாவுக்கு வருவோம், என் கதையும் இதில்தான் இருக்கிறது. எனக்கு 58 வயதில், ஒரு சனிக்கிழமை, தேங்காய் துருவி எழும்பும்போது வலது பக்கம் மார்புக்குக் கீழே சுரீர் என்றது. பிடிப்பு என்று நினைத்தேன். இரவு படுத்தால் அந்த இடத்தில் சட்டை பட்டாலே எரிகிறது, ஆனால் தடவிப் பார்த்தால் ஒன்றும் இல்லை. மகளைக் கூப்பிட்டுத் தைலம் போட்டுத் தேய்க்கச் சொன்னேன், இரண்டு நாள் நன்றாகத் தேய்த்தாள். மூன்றாம் நாள் காலை தோல் சிவந்து கிடந்தது. "பார் பிள்ளை, தைலம் சுட்டுப்போட்டுது" என்று அவளையே பேசினேன். பின்னேரம் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்தால், முதுகில் முள்ளந்தண்டில் தொடங்கி, கக்கத்துக்குக் கீழால் வளைந்து, மார்பின் நடுவில் கோடு போட்டு நிறுத்தினதுபோல நிற்கிறது, சின்னச்சின்ன முத்துக் கொப்புளம் குலைகுலையாக. முப்பது வருடம் மற்றவர்களுக்கு மருந்து கட்டினவள், என் முதுகில் வந்ததைத் தைலம் போட்டுத் தேய்த்திருக்கிறேன். அன்றைக்கே குளிசை தொடங்கியபடியால் தப்பினேன். இன்னும் இரண்டு நாள் தைலத்தைத் திட்டிக்கொண்டிருந்தால் என்ன ஆகியிருக்குமோ.

இதை ஏன் விரிவாகச் சொல்கிறேன் என்றால், அக்கி கொப்புளத்தோடு தொடங்குவதில்லை, நோவோடு தொடங்குகிறது. ஒரு நாளோ நான்கைந்து நாளோ நோ மட்டும். இடது மார்பில் வந்தால் மாரடைப்பென்று ஈசிஜி எடுப்பார்கள், விலாவில் வந்தால் கல்லு என்று ஸ்கான், வயிற்றில் வந்தால் காஸ்ட்ரைற்றிஸ் குளிசை. எல்லாம் நியாயமான சந்தேகம்தான், நெஞ்சு நோவுக்கு ஈசிஜி எடுக்காமல் விடச் சொல்லவில்லை. ஆனால் ஒரு பக்கம் மட்டும், பட்டியாக, துணி பட்டால் எரியும் நோ என்றால், சட்டையைத் தூக்கித் தோலைப் பார்க்கவேண்டும், மறுநாளும் பார்க்கவேண்டும். தன் முதுகை அம்மாவால் பார்க்க முடியாது. வட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள், அப்பாவின் கண்ணை நம்பவேண்டாம்.

கொப்புளம் கண்டு 72 மணித்தியாலத்துக்குள் அசைக்ளோவிர் தொடங்கவேண்டும். வழக்கமாக 800 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஐந்து தரம், ஏழு நாள். ஐந்து தரம் என்பது வயதானவர்களுக்கு ஒரு தொல்லை, மூன்றாம் நாள் கொஞ்சம் குறைந்தவுடன் விட்டுவிடுவார்கள், விடக்கூடாது. நாளுக்கு மூன்று தரம் போதுமான வலசைக்ளோவிரும் உண்டு. அம்மாவுக்குப் பதினைந்து வருட நீரிழிவு என்றால் கிட்னி எப்படி என்று பார்த்துத்தான் அளவு வைக்கவேண்டும், கிட்னி பழுதானவருக்கு முழு அளவு கொடுத்தால் ஆள் பிதற்றத் தொடங்கும். கடைசிக் கிரியேற்றினின் (கிட்னிக்கான இரத்தப் பரிசோதனை) முடிவு எங்கே இருக்கிறது என்று இப்போதே தேடி எடுத்துவையுங்கள். பார்மசியில் போய் "அக்கிக்குக் கிறீம் தாங்கோ" என்று வாங்குவது வீண் காசு.

இன்னும் இரண்டு இடம் அவசரம். நெற்றியிலும் கண்ணைச் சுற்றியும் வந்தால், விசேடமாக மூக்கு நுனியில் ஒரு கொப்புளம் கண்டால், கண்ணுக்குள் போகலாம், அன்றைக்கே கண் டொக்டர். காதுக்குள் கொப்புளமும் வாய் கோணலும் சேர்ந்து வந்தால் அதுவும் அக்கிதான், பாரிசவாதம் என்று நினைத்து எண்ணெய் போட்டுக்கொண்டு இருக்காதீர்கள்.

பார்வை பார்க்கிறவர்களைப் பற்றியும் சொல்லவேண்டும். தமிழ்நாட்டில் குயவர் வீட்டுக்குப் போய்க் காவியால் சிங்கம் எழுதுவார்கள், அக்கி எழுதுவது என்றே பெயர். இங்கேயும் காவி உரைத்துப் பூசிக்கொண்டு வார்ட்டுக்கு வந்த ஆச்சிமாரைக் கண்டிருக்கிறேன். எழுதினால் மாறுவதாக எல்லோரும் சத்தியம் பண்ணுவார்கள், ஏனென்றால் எழுதாவிட்டாலும் கொப்புளம் இரண்டு மூன்று கிழமையில் காய்ந்துதான் போகும். "அக்கியின் தலையும் வாலும் முட்டினால் உயிர் போயிடும்" என்று ஒரு ஆச்சி இரவிரவாக அழுதார், நான் அவருடைய நெஞ்சு நடுவில் விரலை வைத்து "இந்தக் கோட்டைத் தாண்டாது ஆச்சி, முட்டாது" என்று காட்டின பிறகுதான் படுத்தார். காவியால் பெரிய கெடுதல் இல்லை, அந்த 72 மணித்தியாலம் அதில் போய்விடுகிறது என்பதுதான் என் கோபம்.

ஏன் அந்த மணித்தியாலம் முக்கியம் என்றால், கொப்புளம் காய்ந்த பிறகும் நோ நிற்காமல் போகிற ஒரு நிலை இருக்கிறது. அக்கி வந்தவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது, வயது கூடக் கூட அதைவிடக் கூட. மூன்று மாதம், ஒரு வருடம், சிலருக்கு வருடக்கணக்கில். தோல் சுத்தமாக இருக்கும், வீட்டுக்காரருக்கு ஒன்றும் தெரியாது, ஆனால் ஆள் சேலைத் தலைப்பு படாமல் கையால் தூக்கிப் பிடித்துக்கொண்டு இருப்பார், மின்விசிறிக் காற்றும் எரியும். "அம்மா சும்மா சொல்றா" என்று பிள்ளைகள் சொல்லிக் கேட்டிருக்கிறேன். சும்மா இல்லை, அந்த நரம்பே காயப்பட்டுப்போனது. பனடோல் அதற்குக் கேட்காது. கபபென்ரின், பிரிகபலின், அமிற்றிப்ரிலின் என்று நரம்பு நோவுக்கான குளிசைகள் உண்டு, குறைந்த அளவில் தொடங்கவேண்டும், வயதானவர் தலைசுற்றி விழுந்து இடுப்பு முறியாமல் பார்த்துக்கொள்ளவேண்டும்.

அக்கி வந்தவர் மற்றவருக்கு அக்கியைக் கொடுக்கமாட்டார். ஆனால் அந்தக் கொப்புளத்துத் தண்ணீரில் வைரசு இருக்கிறது, கொப்புளிப்பான் வராத ஒருவர் அதைத் தொட்டால் அவருக்குக் கொப்புளிப்பான் வரலாம். ஆகவே அம்மாவுக்கு அக்கி வந்தால் அப்பாவுக்குக் கொப்புளிப்பான் வரலாம், உங்கள் வீட்டில் அந்தப் பக்கமும் இருக்கிறது பாருங்கள். காயும் வரை மூடிக்கட்டினால் அநேகமாகப் போதும்.

கடைசியாக ஊசி. அக்கிக்கு முதலில் 2006இல் வந்தது சொஸ்ராவக்ஸ், கொப்புளிப்பான் ஊசியின் அதே வைரசு, அளவு கூட. அந்த வைரசு ஜப்பானில் தக்காஹாஷி என்ற டொக்டர் 1970களில் வலுக்குறைத்து எடுத்தது, தன் சொந்த மகன் கொப்புளிப்பானில் பட்ட பாட்டைப் பார்த்துத்தான் அந்த வேலையில் இறங்கினாராம். சொஸ்ராவக்ஸ் அக்கியை அரைவாசிதான் குறைத்தது. 2017இல் வந்த ஷிங்றிக்ஸ் வேறு சாதி, உயிருள்ள வைரசு இல்லை, வைரசின் ஒரு புரதமும் அந்தக் கிழட்டுக் காவல்காரனை உலுக்கி எழுப்புகிற ஒரு துணைமருந்தும். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்களில் 97 வீதம், எழுபதுக்கு மேலும் ஏறக்குறைய 90 வீதம் தடுத்தது. நீரிழிவு இருந்தாலும் போடலாம், போடவேண்டும் என்றுதான் நான் சொல்வேன், நீரிழிவுகாரருக்கு அக்கி வரும் வாய்ப்பும் கூட. ஏற்கனவே அக்கி வந்தவரும் சுகமான பிறகு போடலாம், நானே அந்த வகை. கையில் நோ, காய்ச்சல், அலுப்பு இரண்டு மூன்று நாள் இருக்கும், ஆறு பேரில் ஒருவர் அன்றாட வேலை செய்ய முடியாமல் படுப்பார். முதல் ஊசிக்குப் படுத்ததற்காக இரண்டாவதை விடாதீர்கள்.

வேல்ஸில் 1933 செப்ரெம்பர் 2 அன்றோ அதற்குப் பிறகோ பிறந்தவர்களுக்கு மட்டும் பழைய சொஸ்ராவக்ஸ் ஊசி என்று வெட்டினதால், அதற்கு ஒரு கிழமை முன் பிறந்தவர்களோடு ஒப்பிட்டுப் பார்க்க வசதியாகி, ஊசி போட்டவர்களுக்கு ஏழு வருடத்தில் மறதி நோய் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு என்று 2025இல் எழுதினார்கள். இதை மட்டும் நம்பி ஊசி போடச் சொல்லமாட்டேன், ஆனால் காதில் போட்டுவைக்கலாம்.

ஷிங்றிக்ஸ் அக்கிக்குத்தான், கொப்புளிப்பானுக்கு இல்லை. ஆகவே அப்பாவின் ஐஜிஜி இல்லை என்று வந்தால் அவருக்கு ஷிங்றிக்ஸ் போட்டு ஒரு பயனும் இல்லை, கொப்புளிப்பான் ஊசிதான். இருக்கிறது என்று வந்தால் இருவருக்கும் ஷிங்றிக்ஸ் ஒன்றாகப் போடலாம். இங்கே அரசாங்கம் போடுகிற ஊசிகளில் அது இல்லை. நீங்கள் அவர்களை சுப்பர் விசாவில் (பெற்றோர் கனகாலம் தங்கக் கனடா கொடுக்கிற விசா) கூப்பிடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். ஒன்ராரியோவில் பொதுவாக 65 முதல் 70 வயது வரைதான் இலவசம், அதுவும் அங்கத்தைய சுகாதாரக் காப்புறுதி உள்ளவர்களுக்கு, ஆனபடியால் இரண்டு விதத்திலும் உங்கள் கையால்தான் போகும், மலிவும் இல்லை. இரண்டு ஊசிக்கும் இடையில் இரண்டு முதல் ஆறு மாதம் வேண்டும். வந்த கிழமையே முதலாவதைப் போட்டுவிட்டால் திரும்ப முன் இரண்டாவதும் முடிந்துவிடும், போகிற நேரத்தில் நினைத்தால் ஒன்றோடு நின்றுவிடும்.

அப்பாவின் இரத்தப் பரிசோதனையை நாளைக்கே செய்யச் சொல்லுங்கள். பொடியன் கடைசியாக வந்து ரீவி பார்த்த நாளையும் கேட்டு எழுதுங்கள்.